காயம் ஆறியது, மனிதர் மாறினார்



எங்கள் வெளிநோயாளர் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஆதரவாளர் ஒருவர் பிற்பாடு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "தலையில் அடிபட்ட மீனவர் ஒருவரைப் பார்த்தேன். தையல் பிரித்து எட்டு மாதமாகிறதாம். நடக்கிறார், பேசுகிறார், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறார். பிறகு எதற்காக மாதாமாதம் வருகிறார்?" என்று அதில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

ஒரு நோயாளியின் கதையை அப்படியே அச்சில் போடுவது முறையல்ல. பல வருஷங்களில் பார்த்த பலரை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரர், வயது 35, சொந்தமாக ஒரு நாட்டுப்படகு வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரவு நேரம், ராமநாதபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். உச்சிப்புளி தாண்டியதும் சாலையின் குறுக்கே ஓர் ஆடு. தலைக்கவசம் இருந்தது, ஆனால் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. மூன்று நாள் நினைவில்லை. பிறகு மெல்லக் கண் திறந்தார். பத்தாம் நாள் தன் பெயர், ஊர், பிள்ளைகள் படிக்கும் வகுப்பு எல்லாம் பிசகில்லாமல் சொன்னார். எல்லோரும் மகிழ்ந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

ஆறு வாரம் கழித்து மனைவி மட்டும் வந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, "டாக்டரய்யா, நீங்க அனுப்பிவச்ச ஆளு எங்க வீட்டுக்காரவுக இல்லீங்க" என்றார்.

விசாரித்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முன்பு அதிர்ந்து பேசாத மனிதர், இப்போது மாமியார் முன்னாலேயே சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொல்கிறார். வலை வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து, வழியில் போன ஒருவனிடம் ஓடாத பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். கடலுக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் எழுந்து, திண்ணையில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் கோபம், அரை மணி நேரத்தில் அழுகை. ஊரார் செய்வினை என்கிறார்கள். அண்ணன்மாரோ, ஆஸ்பத்திரியில் சும்மா இருந்து சோம்பேறியாகிவிட்டான், நாலு போடு போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

நான் அந்த அம்மாளிடம் ஒன்று கேட்டேன். "கருவாடு வறுக்கும்போது அவருக்கு வாசனை தெரிகிறதா?"

அவர் என்னையே பார்த்தார். "அதை எப்படிய்யா கண்டுபிடிச்சீக? சட்டியில கருகிப் புகைஞ்சாலும் பக்கத்துல உக்காந்துக்கிட்டே ஒண்ணும் தெரியலைங்கிறாக."

இதில் மந்திரம் எதுவுமில்லை. மண்டை ஓட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும். நம்முடைய மூளை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. நுங்குச் சுளையைப் போல மிருதுவானது. அது நீரில் மிதந்தபடி மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. ஓட்டின் உட்புறம் பெரும்பாலும் வழவழப்பு. ஆனால் கண்குழிகளுக்கு மேலே, நெற்றியின் அடித்தளத்தில் மட்டும் எலும்பு மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடாக இருக்கிறது. ஓடுகிற வண்டி சட்டென்று நின்று தலை தரையில் மோதும்போது, உள்ளே மூளை முன்னுக்குப் போய் அந்தக் கரடுமுரடான எலும்பின் மேல் உரசுகிறது. பின்மண்டையில் அடிபட்டாலும்கூடப் பல சமயம் கன்றிப்போவது இந்த முன்பகுதிதான். வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் அதே இடத்தில், சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக நுழைகின்றன. உரசலில் அவை அறுந்துபோகும். ஆகவே அடிபட்டவருக்கு மூக்கு மரத்துப்போயிருந்தால், அதற்கு நேர் மேலேயுள்ள மூளையும் சேதப்பட்டிருக்கக்கூடும் என்று நாங்கள் சந்தேகிப்போம்.

அந்த இடத்தை நெற்றி மூளை என்று சொல்லலாம். டாக்டர்கள் பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் என்பார்கள். கை காலை அசைப்பது இதன் வேலையில்லை. பார்ப்பது, கேட்பது, பேச்சைப் புரிந்துகொள்வது இவற்றுக்கெல்லாம் வேறு வேறு இடங்கள் உண்டு. அதனால்தான் இது அடிபட்டவர் நடக்கிறார், பேசுகிறார், பெயர் சொல்கிறார். பார்க்கிறவர்களுக்கு முழு ஆரோக்கியமாகத் தெரிகிறார். அப்படியானால் இதன் வேலை என்ன?

நம் ஊர்க்காரர்களுக்குப் பாம்பன் பாலத்தைக் கொண்டு விளக்குவது எனக்கு வழக்கம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் கரையிலேயே நிற்கும். இஞ்சினில் கோளாறு இல்லை, தண்டவாளத்தில் கோளாறு இல்லை, ஆனாலும் "இப்போது வேண்டாம், பொறு" என்று சொல்ல ஒன்று வேண்டியிருக்கிறது. நமக்குள் கோபமும் ஆசையும் பயமும் எழும்பும்போது அந்தச் சிவப்பு விளக்கைப் போடுவது நெற்றி மூளையின் அடிப்பகுதி. நாவில் வந்துவிட்ட வார்த்தையை மாமியார் முகத்தைப் பார்த்ததும் விழுங்குகிறோமே, அது அங்கே நடக்கிற வேலை. இதே மூளையின் மேல் பக்கவாட்டுப் பகுதி திட்டமிடுகிறது: முதலில் எது, அடுத்தது எது, நடுவில் தடை வந்தால் என்ன மாற்று என்று மனதில் நிறுத்திவைக்கிறது. இரண்டு அரைகளும் நடுவில் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கம், எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்கும் உந்துதலைத் தருகிறது. திண்ணையில் உட்கார்ந்தே இருக்கிறாரே, அது சோம்பல் இல்லை. போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், சொல்லவும் செய்கிறார். அந்த எண்ணம் காலுக்கு வந்து சேரும் வழியில்தான் கோளாறு.

இதை வைத்திய உலகம் முதலில் அறிந்துகொண்டது ஒரு விபத்தின் மூலம்தான். 1848 செப்டம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரி, வெடிமருந்தை இரும்புக் கம்பியால் குழியில் இடித்தபோது அது வெடித்தது. மூன்றரை அடிக்கும் அதிக நீளமும் ஆறு கிலோ எடையுமுள்ள கம்பி இடது கன்னத்தின் கீழ் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. அவர் சாகவில்லை. சற்று நேரத்தில் எழுந்து பேசினார், மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குப் போனார். ஜான் ஹார்லோ என்ற டாக்டர் வைத்தியம் பார்த்தார். காயம் ஆறியது. ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயரெடுத்த மேஸ்திரி, வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராக, போட்ட திட்டத்தை அடுத்த நிமிஷம் கைவிடுகிறவராக மாறியிருந்தார். இவர் பழைய ஆளே இல்லை என்று நண்பர்கள் சொன்னதை ஹார்லோ 1868இல் எழுதிவைத்தார். மண்டபத்து அம்மாள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னதும் அதைத்தானே!

கேஜின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். அவர் பிற்பாடு தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போய், பல வருஷம் குதிரைக் கோச்சு ஓட்டிப் பிழைத்தார். தினமும் அதே நேரம், அதே குதிரைகள், அதே பாதை. ஒழுங்கான ஒரு வேலை அவருடைய நெற்றி மூளை செய்ய வேண்டியதில் ஒரு பங்கைச் செய்திருக்க வேண்டும் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். 1860இல் வலிப்பு வந்து இறந்தார்.

இன்னொரு கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் அந்தக் கலையைக் கற்றது கனடாவின் மான்ட்ரியல் நகரில், டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டிடம். பென்ஃபீல்டின் சொந்த அக்காவுக்கு நெற்றி மூளையில் கட்டி வந்தது. 1928இல் தம்பியே அறுவை செய்து, வலது நெற்றி மூளையின் பெரும்பகுதியைக் கட்டியோடு எடுத்தார். அக்கா பிழைத்தார். பேச்சு, ஞாபகம், அன்பு எல்லாம் இருந்தன. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத் தம்பியை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பென்ஃபீல்ட் போய்ப் பார்த்தால், அடுக்களையில் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன, ஒன்றிரண்டு பாத்திரம் அடுப்பில் இருக்கிறது, காய்கறி ஆகவில்லை, இறைச்சி தொடங்கவே இல்லை, அக்கா திகைத்துப்போய்த் தவித்துக்கொண்டு நிற்கிறார். ஆறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட கை அது. ஒவ்வொரு பதார்த்தமும் செய்யத் தெரியும். எதை முதலில் ஏற்றி எதைப் பின்னால் இறக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் இலைக்கு வரும் என்கிற அந்தக் கணக்கு மட்டும் போய்விட்டது. பக்கத்தில் ஒருவர் நின்று அடுத்தது இது என்று சொல்லிக்கொடுத்தால் செய்துவிடுவார். நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில், ஒரு கையில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, யாரும் கவனிக்காமலேயே செய்து முடிக்கிற கணக்கு அது.

எங்கள் மீனவருக்கு வருவோம். ஸ்கேனில் நெற்றியின் அடியில் இரண்டு பக்கமும் கன்றல் தெரிந்தது. ஸ்கேனில் தெரியாமலும் இருக்கலாம், ஆகவே சோதனைகள் முக்கியம். ஒரு நிமிஷத்தில் எத்தனை மீன் பெயர் சொல்வீர்கள் என்று கேட்டேன். கடலில் பிறந்தவர், மூச்சுவிடாமல் முப்பது சொல்ல வேண்டும். "சாளை, நெத்திலி, பாறை, முரல்... சாளை... பாறை..." என்று சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றார். பெயர்களை மறந்துவிடவில்லை, நான் திருக்கை என்றால் அதன் முள்ளிலிருந்து எல்லாம் சொல்வார். தானாகத் தேடி எடுக்க முடியவில்லை. அடுத்து, நான் மேஜையை ஒரு முறை தட்டினால் நீங்கள் இரண்டு முறை தட்டுங்கள், நான் இரண்டு முறை தட்டினால் நீங்கள் சும்மா இருங்கள் என்றேன். விதியைத் திருப்பிச் சொன்னார். ஆனால் நான் இரண்டு முறை தட்டியதும் அவர் கையும் தட்டியது. "தட்டக் கூடாதுல்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். மனைவி அதைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இது விளங்காத வீடுகளில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் யாரும் மனுப் போடாமல் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வழக்கின் தலைப்பில் 25 பேர் என்றுதான் இருக்கிறது. முதலில் வந்த கணக்கு அது. அடுத்த வாரமே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள்.

இப்படிக் கொண்டுவந்து விடப்படுகிறவர்களின் நோய் ஒரே மாதிரியானதல்ல. மனச்சிதைவு உண்டு, வலிப்பு உண்டு, மூளை வளர்ச்சிக் குறைவு உண்டு, தலையில் அடிபட்டவர்களும் உண்டு. வீட்டார் கொடியவர்களும் அல்லர். கடன் வாங்கி, பஸ் ஏறி, நாள் கணக்கில் திண்ணையில் படுத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். நடத்தை கெட்டுப்போனால் அது உடம்பின் நோயாக இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதில் ஏர்வாடியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. கோவில்களுக்கும் இப்படிக் கொண்டுபோகிறார்கள். நம்முடைய சபைகளிலேயே இத்தகையவரைப் பிசாசு பிடித்தவர் என்று சொல்லி, மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களை நான் அறிவேன். ஏர்வாடியில் பிற்பாடு தர்காவையொட்டியே அரசு மனநல டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. துவாவும் நடக்கட்டும், தவாவும் நடக்கட்டும், அதாவது பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து போகட்டும் என்பது அதன் கருத்து. நல்ல காரியம். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டமாகச் சொல்கிறது.

ஒரு காலத்தில் டாக்டர்களும் இதே தவற்றைக் கத்தியால் செய்தார்கள். 1935இல் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் எகாஸ் மோனிஸ், அடங்காத மனநோயாளிகளின் நெற்றி மூளை இணைப்புகளைத் துண்டிக்கும் முறையைத் தொடங்கினார். 1949இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பல நாடுகளில் பல்லாயிரம் பேருக்கு இதைச் செய்தார்கள். நோயாளிகள் அமைதியானார்கள் என்பது உண்மைதான். எழுந்து ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதலையே இழந்து அமைதியானார்கள். 1950களில் மருந்துகள் வந்த பிறகே அந்த வழக்கம் மெல்ல ஒழிந்தது.

சரி, அவர் ஏன் மாதாமாதம் வருகிறார்? வலிப்புத் தடுப்பு மாத்திரை வாங்க ஒரு காரணம். படகில் இருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய காரணம், நெற்றி மூளைக்குத் தைலமோ ஊசியோ கிடையாது; பழக்கம்தான் மருந்து. முதல் ஆறு மாதத்தில் தேறுதல் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல வருஷக் கணக்கில் நடக்கும். வீட்டுச் சுவரில் நாள் அட்டவணை ஒன்று ஒட்டச் சொன்னோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை. "கடலுக்குப் போங்க" என்றால் நடக்காது. "எழுந்திருங்க", பிறகு "சட்டையைப் போடுங்க", பிறகு "வலைக்கூடையை எடுங்க" என்றால் நடக்கும். பணமும் வண்டிச் சாவியும் மனைவியிடம். கோபம் ஏறும்போது எதிர்வாதம் செய்யாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புவது. சாராயம் ஒரு சொட்டும் ஆகாது. நல்ல மூளையிலேயே மது முதலில் அணைப்பது அந்தச் சிவப்பு விளக்கைத்தான். அடிபட்ட மூளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லி அனுப்ப முடியாது. மாதத்துக்கு ஒன்றாகச் சொல்லி, வீட்டில் நடந்ததைக் கேட்டு, அழுதால் அழவிட்டு, மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உண்மையில் அந்த நேரத்தில் பாதி மனைவிக்கு உரியது.

வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது, அடிபடாமலே, நடுவயதில் ஒருவரின் குணம் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே வந்தால், அதையும் புத்தி கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நெற்றி மூளையில் மெதுவாக வளரும் சில கட்டிகள் இப்படித்தான் தொடங்கும். சிலருக்கு வாசனையும் போகும். அவற்றில் பல முழுவதுமாக எடுத்துவிடக் கூடியவை. எங்கே காட்டுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின்படி, அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஓர் உச்சவரம்பு வரை அரசே ஏற்கிறது. பணத்துக்கு அலைந்து நேரத்தை இழக்க வேண்டாம். ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அது மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். நெற்றி மூளை முழுவதும் முதிர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறது. சிவப்பு விளக்கு சரியாக எரியத் தொடங்காத வயதில் பையன்களுக்கு நாம் வண்டி வாங்கிக் கொடுக்கிறோம். கொடுக்கிறவர்கள் தலைக்கவசத்தையும் சேர்த்து வாங்கிக் கொடுத்து, அது தலையில் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் மீனவர் இப்போது தம்பியின் படகில் போகிறார். சுக்கான் தம்பியிடம், வலை இழுப்பது இவர். தினமும் அதே நேரம், அதே ஆட்கள். மீன் பெயர் போன மாதம் பதினேழு சொன்னார். கோபம் இன்னும் வருகிறது; வந்தால் தானே எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறாராம். வாசனை மட்டும் திரும்பவில்லை, இனித் திரும்புவதும் கஷ்டம். கருவாடு வறுக்கும் நாளில் அடுப்பண்டை இவரைத் தனியாக விடுவதில்லை என்று அந்த அம்மாள் சொன்னார்.